பாங்கு ஏலத்தில் வரும் வீடு

பத்திரிகைகளின் உள்பக்கங்களில் இப்போதெல்லாம் ஒரு வகை விளம்பரம் நிறைய இடம் பிடிக்கிறது. பொடி எழுத்து, கட்டம் கட்டமாகக் கோடு. கடன்காரர் பெயர், ஜாமீன்தாரர் பெயர், பாக்கித் தொகை, பிளாட் நம்பர், சதுர அடி, கடைசிக் கட்டத்தில் ஒரு விலை. கடன் தவணை கட்டத் தவறியவர்களின் வீடுகளைப் பாங்குகளும் வீட்டுக் கடன் கம்பெனிகளும் ஏலம் விடும் அறிவிப்புகள் இவை. டோம்பிவிலி, கல்யாண், அம்பர்நாத், பத்லாப்பூர், நாலாசோப்பாரா, விரார் என்று நம்மவர்கள் பெருவாரியாகக் குடியேறியுள்ள ஊர்களின் பெயர்கள் அவற்றில் வரிசையாக வருகின்றன. பக்கத்துக் கட்டிடத்தில் சொல்லும் விலையைவிட அந்தக் கடைசிக் கட்டத்து விலை சில லட்சம் குறைவாக இருக்கிறது. அதுதான் கண்ணைப் பறிக்கிறது.

தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் பத்துக்குப் பத்து அறையில் இருபது வருஷம் வாடகை கொடுத்தவர்களுக்கு, சொந்தமாக ஒரு அறையும் சமையற்கட்டும் என்பது பேராசையல்ல. மாதச் சம்பளக்காரர் ஒருவர் சீட்டுப் போட்டும் பிராவிடண்டு பண்டில் விட்டுவைத்தும் ஏழெட்டு லட்சம் சேர்த்திருப்பார். ஊரிலுள்ள கால் ஏக்கரை விற்றால் இன்னும் கொஞ்சம் வரும். இந்தப் பணத்துக்குத் தோதாக வீடு கிடைக்கிறதென்றால் அது இப்படிப்பட்ட ஏலத்தில்தான் என்ற பேச்சு லோக்கல் ரயிலிலும் சங்கக் கூட்டங்களிலும் பரவியிருக்கிறது. பேச்சில் உண்மை இல்லாமல் இல்லை. ஒழுங்காக விசாரித்து வாங்கி நிம்மதியாகக் குடியிருக்கிறவர்கள் இருக்கிறார்கள். விசாரிக்காமல் கை நீட்டினால் சேர்த்த பணம் முழுவதும் ஒரே வாரத்தில் போய்விடக்கூடிய வியாபாரமும் இதுதான். ஆகவே இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்வது அவசியமாகிறது.

பாங்கு ஒரு வீட்டை ஏலம் விடுவது 2002-ம் வருஷத்துச் சட்டமொன்றின் கீழ். சர்பாசி சட்டம் என்று அதைச் சுருக்கமாகச் சொல்கிறார்கள். அதற்கு முன்பெல்லாம் அடமானச் சொத்தை விற்கப் பாங்கு சிவில் கோர்ட்டு ஏறி வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. இந்தச் சட்டம் வந்தபின் கோர்ட்டுக்குப் போகாமலே பாங்கின் அதிகாரி சொத்தைக் கைப்பற்றி விற்கலாம். 2004-ல் சுப்ரீம் கோர்ட்டும் இந்தச் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது. தவணை 90 நாள் தவறினால் அது வராக்கடன். பிறகு 60 நாள் கெடு வைத்து நோட்டீஸ். அதற்கும் பணம் வராவிட்டால் சொத்தைக் கைப்பற்றுதல், மதிப்பீடு, ஏல அறிவிப்பு. ஏல அறிவிப்பு வட்டார மொழிப் பத்திரிகை உட்பட இரண்டு பத்திரிகைகளில் வெளியாக வேண்டும். முதல் ஏலமானால் 30 நாள் இடைவெளி. அது போணியாகாவிட்டால் மறு ஏலத்துக்கு 15 நாள் போதும்.

அறிவிப்பில் இருக்கும் விலை வீட்டின் விலையல்ல, ஆரம்ப விலை. அதற்குக் கீழே கேட்டால் ஏற்க மாட்டார்கள். சந்தையில் பேரம் பேசுகிற மாதிரி "முப்பது சொல்கிறீர்கள், இருபத்தைந்துக்குக் கொடுங்கள்" என்று பாங்கு மேனேஜரிடம் போய் நிற்பது வீண் வேலை. ஆரம்ப விலைக்குக் குறைத்து விற்க வேண்டுமானால் கடன்காரரும் பாங்கும் இருவருமே சம்மதிக்க வேண்டும் என்பது விதி. தன் வீட்டைக் குறைத்து விற்கச் சம்மதிக்கிற கடன்காரரைக் காண்பது அபூர்வம். ஆனால் பேரத்துக்கு வேறொரு வழி இருக்கிறது, அது பொறுமை. ஒரு வீட்டுக்கு யாரும் கேட்க வராமல் ஏலம் தள்ளிப் போனால் மறு தடவை ஆரம்ப விலையைப் பாங்கு குறைப்பதுண்டு. மூன்றாம் தடவை இன்னும் குறையலாம். ஒரே பிளாட் பல மாதமாக வெவ்வேறு விலையில் பத்திரிகையில் வருவதைக் கவனித்து வைத்துக்கொள்கிறவர்களே சரியான விலை கேட்கத் தெரிந்தவர்கள். அதோடு, ஏன் அதை யாரும் எடுக்கவில்லை என்ற கேள்வியையும் அவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டும். பத்துப் பேர் பார்த்துவிட்டு ஒதுங்கிய வீட்டில் பெரும்பாலும் ஏதாவது சங்கதி இருக்கும்.

இந்தச் சங்கதிகளில் முதலாவது, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பது. மராட்டிப் பத்திரிகை அறிவிப்பைப் படிக்கத் தெரிந்தவர்கள் அதில் "தாபா" என்ற சொல்லைத் தேடிப் பார்க்க வேண்டும். தாபா என்றால் சுவாதீனம். "பிரத்யக்ஷ தாபா" என்றிருந்தால் பாங்கு வீட்டைக் காலி செய்து பூட்டுப் போட்டுச் சாவியைத் தன் கையில் வைத்திருக்கிறது. "சாங்கேதிக் தாபா" என்றிருந்தால் கதவில் நோட்டீஸ் ஒட்டியதோடு சரி, உள்ளே பழைய குடும்பம் அடுப்பு மூட்டிச் சமைத்துக்கொண்டிருக்கிறது. இரண்டுக்கும் விலையில் வித்தியாசம் இருக்கும், இருக்கத்தான் வேண்டும். பின்னதை எடுத்தால், மாஜிஸ்திரேட்டின் உத்தரவு வாங்கிப் போலீஸ் துணையோடு ஆளைக் காலி செய்து கொடுக்கும்வரை வாங்கியவருக்கு வீடு கிடையாது. அந்த உத்தரவை 30 நாளுக்குள், மிஞ்சினால் 60 நாளுக்குள் கொடுக்க வேண்டுமென்று சட்டம் சொல்கிறது. நடப்பில் தாமதமாகிறது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. உத்தரவு வந்தபின் போலீஸ் பந்தோபஸ்து கிடைக்கும் தேதி வேறு. ஏலத்தில் எடுத்தவர் அத்தனை மாதமும் ஒரு கையால் புதுக் கடனின் தவணையும் மறு கையால் பழைய அறையின் வாடகையும் கட்டிக்கொண்டிருப்பார். பன்னிரண்டாயிரம் வாடகை கொடுக்கிறவருக்கு இது பத்து மாதம் நீடித்தால் ஒன்றேகால் லட்சத்துக்கு அருகே போய்விடுகிறது. ஏல விலையோடு இதையும் கூட்டிப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

உள்ளே இருப்பவர் கடன்காரராக இல்லாமல் வாடகைதாரராக இருந்துவிட்டால் விவகாரம் இன்னும் சிக்கல். பாங்குக்கு அடமானம் வைப்பதற்கு முன்பே முறையாகக் குடிவந்து, வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் பாதுகாப்பும் உள்ள வாடகைதாரரைச் சர்பாசி சட்டத்தைக் காட்டி நேரடியாக வெளியேற்ற முடியாது என்று 2016-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. அந்த வழக்கே மும்பையிலிருந்து போனதுதான். ஆகவே கட்டிடத்துக் காவலாளியிடமும் எதிர் வீட்டுக்காரரிடமும் நின்று பேசாமல் விலை கேட்கக் கூடாது. பாங்கு பார்வை நாள் என்று ஒரு தேதி போடும். அந்தத் தேதியில் மட்டும் போனால் வெள்ளையடித்த சுவரைத்தான் பார்க்க முடியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போனால் தண்ணீர் வருகிறதா, லிப்டு ஓடுகிறதா, மாடியில் யார் துணி காய்கிறது என்பதெல்லாம் தெரிந்துவிடும்.

அறிவிப்பின் அடியில் ஒரு வாசகம் தவறாமல் இருக்கும். மராட்டியில் "ஜஸே ஆஹே ஜேதே ஆஹே". எங்கே இருக்கிறதோ அங்கே, எப்படி இருக்கிறதோ அப்படியே. ரயில்வேயில் பழைய இரும்பை ஏலம் விடும்போதும் இதே வாசகம்தான். ஆனால் இரும்பு வியாபாரி லாட்டைச் சுற்றி நாலு தடவை நடந்து, துருவை நகத்தால் சுரண்டிப் பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பார். ஆயுள் சம்பாத்தியத்தைப் போட்டு வீடு எடுக்கப் போகிறவர் அந்த அளவு ஜாக்கிரதையைக் கூடக் காட்டாதது விந்தை. அந்த ஒற்றை வரிக்குப் பொருள், வீட்டோடு அதன் பாக்கிகளும் வருகின்றன என்பது. சொசைட்டி மராமத்துக் கட்டணம் நாலைந்து வருஷமாக நிலுவை இருக்கலாம். தவணை கட்ட முடியாதவர் சொசைட்டிக்கு மட்டும் ஒழுங்காகக் கட்டியிருப்பார் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. வட்டியோடு அதைத் தீர்க்காமல் ஷேர் சர்ட்டிபிகேட்டை மாற்றித்தர சொசைட்டி செயலாளர் சம்மதிக்க மாட்டார். மாநகராட்சிச் சொத்து வரி, தண்ணீர்க் கட்டணம் தனி. மின்சார பாக்கி பழைய ஆளுடையதுதானே என்று வாதாடியவர்களும் உண்டு. இந்த வாசகத்தோடு ஏலம் எடுத்தவரிடம் பழைய மின்சார பாக்கியைக் கேட்கலாம், அதைக் கட்டினால்தான் புது இணைப்பு என்று நிபந்தனையும் போடலாம் என்று 2023 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டபடியால் அந்த வாதத்துக்கு இனி இடமில்லை. ஆகையால் விலை கேட்பதற்கு முன் சொசைட்டி அலுவலகம், வரி அலுவலகம், மின்சார அலுவலகம் மூன்றுக்கும் நடந்து, பாக்கித் தொகையை எழுதி வாங்கிக்கொண்டு, அதைத் தன் மனத்திலுள்ள விலையிலிருந்து கழித்துவிட வேண்டும். ஒரு விஷயம் மட்டும் வாங்குகிறவருக்குச் சாதகமானது. மாநகராட்சிப் பகுதிகளில் கூட்டுறவு வீட்டு வசதி சொசைட்டி மாற்றுப் பிரீமியமாக 25,000 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்பது மகாராஷ்டிர அரசின் விதி. "கட்டிட நிதி", "நன்கொடை" என்று வேறு பெயரில் லட்சம் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

பாக்கியாவது பணத்தோடு போகும். கட்டிடமே சட்ட விரோதமாக இருந்துவிட்டால்? பாங்கே கடன் கொடுத்திருக்கிறது, பாங்கு வக்கீல் பத்திரம் பார்த்திருக்கிறார், பிறகென்ன என்று நினைக்கிறவர்கள் அனேகர். அந்த நினைப்பு எவ்வளவு ஆபத்தானது என்பதை அண்மைச் சம்பவங்கள் காட்டிவிட்டன. கல்யாண்-டோம்பிவிலி மாநகராட்சி எல்லையில் போலி அனுமதிப் பத்திரங்களைக் காட்டி ரெரா பதிவும் பெற்றுக் கட்டப்பட்ட 65 கட்டிடங்களை இடிக்கும்படி 2024 நவம்பரில் மும்பை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. அங்கே வீடு வாங்கியவர்களில் பலர் பாங்குக் கடனில் வாங்கியவர்களே. நாலாசோப்பாராவில் கழிவுநீர் நிலையத்துக்கும் குப்பைக் கிடங்குக்கும் ஒதுக்கப்பட்டிருந்த நிலத்தில் எழும்பிய 41 கட்டிடங்கள் கோர்ட்டு உத்தரவின்பேரில் 2025 தொடக்கத்தில் இடித்துத் தள்ளப்பட்டன. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள் சட்டி பானையோடு தெருவுக்கு வந்தன. அவர்களில் தமிழ்க் குடும்பங்களும் இல்லாமல் போகவில்லை. பாங்குக்கு அடமானமாக இருந்ததால் எந்தக் கட்டிடமும் கடப்பாரைக்குத் தப்பவில்லை.

எனவே கட்டிட ஆரம்ப அனுமதி, குடியேறல் சர்ட்டிபிகேட் இரண்டின் நகலையும் பாங்கிடம் கேட்பதோடு நின்றுவிடாமல், அந்த நம்பரை மாநகராட்சி நகரமைப்புப் பிரிவில் கொடுத்து அது அங்கே பதிவாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். போலிப் பத்திரத்தின் சமாசாரமே அதுதான், பார்க்க அசல் மாதிரியே இருக்கும். குடியேறல் சர்ட்டிபிகேட் இல்லாத கட்டிடத்தில் ஆயிரக்கணக்கானோர் குடியிருக்கிறார்களே என்று சிலர் சமாதானம் சொல்லலாம். குடியிருக்கலாம். ஏலத்தில் பணத்தைக் கொட்டி அந்தக் கூட்டத்தில் புதிதாகச் சேர வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. குடிசை மாற்றுத் திட்டத்தில், அதாவது எஸ்.ஆர்.ஏ.யில் ஒதுக்கப்பட்ட வீடுகளைக் குறிப்பிட்ட வருஷங்களுக்கு விற்கவே கூடாது. அத்தகைய வீடு பாங்கு ஏலம் என்ற பெயரில் வந்தால் கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுவதே நலம்.

அதே வீட்டை இரண்டு இடத்தில் அடமானம் வைத்தவர்களும் உண்டு. இதைத் தெரிந்துகொள்ள மத்திய பதிவேடு ஒன்று இருக்கிறது. செர்சாய் என்பது அதன் பெயர். சொற்பக் கட்டணம் கட்டினால் எந்த வீட்டின் மேல் எந்தப் பாங்குக்குப் பாத்தியதை இருக்கிறதென்று எவரும் பார்க்கலாம். கடன்காரர் மும்பையிலுள்ள மூன்று கடன் மீட்புத் தீர்ப்பாயங்களில் எதிலாவது வழக்குப் போட்டிருக்கிறாரா என்பதையும் பெயரை வைத்துத் தேடிப் பார்க்கலாம். வழக்கு இருந்தால் ஏலமே கூடாதென்பதில்லை. ஆனால் தீர்ப்பு கடன்காரருக்குச் சாதகமாக வந்தால் விற்பனை ரத்தாகிப் பணம் என்றைக்கோ திரும்பி வரும், வீடு வராது. முன்பெல்லாம் ஏலம் முடிந்தபின்கூடக் கடன்காரர் முழுப் பாக்கியையும் கொண்டுவந்து கட்டி வீட்டை மீட்டுக்கொள்வார், எடுத்தவர் ஏமாந்து நிற்பார். 2016-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். ஏல அறிவிப்பு வெளியான பிறகு மீட்கும் உரிமை இல்லையென்று 2023 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டும் தெளிவாக்கியது. அந்த மட்டில் ஏலம் எடுப்பவருக்கு இப்போது பாதுகாப்பு கூடியிருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக, நம்மவர்கள் அதிகமாகச் சிக்கிக்கொள்ளும் இடம் பணக் கெடு. இதைக் கணக்குப் போட்டுத்தான் சொல்ல வேண்டும். ஆரம்ப விலை 30 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ஏலத்தில் கலந்துகொள்ள வழக்கமாகப் பத்தில் ஒரு பங்கு, 3 லட்சம், முன்பணம் கட்ட வேண்டும். ஏலம் கிடைக்காதவருக்கு அது வட்டியில்லாமல் திரும்பி வரும். ஏலம் இப்போது கம்ப்யூட்டரிலேயே நடக்கிறது. பொதுத்துறைப் பாங்குகளின் ஏலங்களுக்கென 2025 ஜனவரியில் பாங்க்நெட் என்ற தளம் திறக்கப்பட்டது. கேள்வி ஏறி ஏறி 32 லட்சத்தில் ஒருவருக்கு முடிகிறது. அன்றைக்கே, தவறினால் மறு வேலை நாளுக்குள், மொத்தத்தில் கால் பங்கு கட்டியாக வேண்டும். 8 லட்சத்தில் முன்பணம் 3 போக இன்னும் 5 லட்சம். மீதி 24 லட்சத்தை விற்பனை உறுதியான 15-ம் நாளுக்குள் கட்ட வேண்டும். கட்டத் தவறினால் 8 லட்சமும் போயிற்று. பாங்குக்கு அதனால் நஷ்டம் ஏற்பட்டதா, அதே வீட்டை மறுபடி அதிக விலைக்கே விற்றார்களா என்ற விசாரணையெல்லாம் கிடையாது. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில், பறிமுதல் செய்த கால் பங்கு முழுவதும் பாங்குக்கே என்று 2024 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. அந்த வழக்கில் போனது 3 கோடி ரூபாய்க்கு மேல். கோடீசுவரருக்கே தப்பவில்லை என்றால் குமாஸ்தாவுக்கு யார் இரங்கப் போகிறார்கள்?

இந்த 24 லட்சத்தை ஒருவர் எங்கிருந்து கொண்டுவருவார்? வேறு பாங்கில் கடன் கேட்பார். அந்தப் பாங்கு அசல் பத்திரம் கேட்கும். அசல் ஏலம் விட்ட பாங்கின் பெட்டகத்தில் இருக்கிறது. வக்கீல் அபிப்பிராயம், மதிப்பீட்டாளர் பார்வை, சம்பளச் சர்ட்டிபிகேட், ஜாமீன் என்று நாள் ஓடும். பதினைந்து நாளில் முடிகிற காரியமல்ல அது. பி.எப். பணமும் அப்படியே. ஊர் நிலத்தை அவசரத்தில் விற்கப் போனால் கிரயதாரர் விஷயம் தெரிந்து விலையை அமுக்குவார். ஆகவே முதலில் கடன், பிறகு ஏலம் என்ற வரிசையைத் தலைகீழாக்கக் கூடாது. ஏலச் சொத்துக்குக் கடன் கொடுக்கும் பாங்கை முன்கூட்டியே பிடித்து, இவ்வளவு தருவோம் என்று எழுத்தில் வாங்கி வைத்துக்கொண்டவர்தான் முன்பணம் கட்ட வேண்டும். ஏலம் விடும் பாங்கே சில சமயம் எடுப்பவருக்குக் கடன் தர முன்வருகிறது. அப்படியானால் அசல் பத்திரம் தேடி அலைய வேண்டியதில்லை, அங்கேயே கேட்டுப் பார்ப்பது புத்திசாலித்தனம். கெடுவை நீட்டிக்கவும் விதியில் இடமிருக்கிறது. இரு தரப்பும் எழுத்து மூலம் ஒத்துக்கொண்டால் மூன்று மாதம் வரை போகலாம். "பார்த்துக்கொள்ளலாம் சார்" என்று கிளையில் யாரோ வாயால் சொன்னது எந்தத் தீர்ப்பாயத்திலும் செல்லாது.

இதற்கு மேல் முத்திரைத் தீர்வை இருக்கிறது. மும்பை நகருக்குள் 6 சதவீதம், பெண்கள் பெயரில் வாங்கினால் ஒரு சதவீதம் சலுகை. தாணேயில் சற்று அதிகம். பதிவுக் கட்டணம் ஒரு சதவீதம், அதிகபட்சம் 30,000. ஆக 32 லட்சம் வீட்டுக்கு இரண்டு லட்சத்துக்கு மேல் தனியாக ஒதுக்க வேண்டும். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ ஆனால் ஒரு சதவீதத்தை வருமான வரியாகப் பிடித்துக் கட்டும் பொறுப்பும் வாங்குகிறவருடையது. ஜுரவேகத்தில் கேள்வி ஏற்றுகிறவர்களுக்கு இதெல்லாம் மறுநாள்தான் நினைவுக்கு வருகிறது. கேட்கப் போகும் உச்ச விலையை முதல் நாளே ஒரு தாளில் எழுதி, மனைவியிடம் கொடுத்துவிட்டு ஏலத்தில் உட்காருகிறவர்கள் தப்பித்துக்கொள்கிறார்கள்.

தரகர்களைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. "மேனேஜர் நம்ம ஆள், ஏலத்துக்கு வராமலே முடித்துத் தருகிறேன்" என்று தமிழிலேயே பேசிக்கொண்டு வருகிறவர்கள் சில பேட்டைகளில் கிளம்பியிருக்கிறார்கள். தமிழில் பேசுவதால் ஒருவர் யோக்கியராகிவிடுவதில்லை. பணம் பாங்கின் பெயரிலுள்ள, அறிவிப்பில் அச்சிட்ட கணக்குக்குத்தான் போக வேண்டும். ரொக்கமாக ஒரு ரூபாய் கேட்டாலும் அங்கேயே பேச்சை முறித்துக்கொள்ள வேண்டும்.

நொடித்துப்போன குடும்பத்தின் வீட்டை ஏலத்தில் எடுப்பது பாவம், கண்ணீர் விழுந்த வீடு விளங்காது என்ற எண்ணம் நம்மிடையே இருக்கிறது. அந்த மனசு கேலிக்குரியதல்ல. ஆனால் விஷயத்தை வேறு விதமாகவும் பார்க்கலாம். ஏலத் தொகையில் பாங்கு பாக்கியும் செலவும் போக மிஞ்சுவது கடன்காரருக்கே போய்ச் சேர வேண்டும் என்பது சட்டம். குறைந்தால் அந்தக் குறையை அவரிடமே பாங்கு மீண்டும் கேட்கும். நாலு பேர் நியாயமான விலை கேட்டால் அந்தக் குடும்பத்துக்குத்தான் நல்லது. யாரும் வராத ஏலத்தில் வீடும் போய்க் கடனும் தீராமல் நிற்கும் கதிதான் கொடியது.

அந்தக் கட்டத்துக்குள் பெயர் வந்துவிட்ட நம்மவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் வெட்கப்பட்டு நோட்டீசைப் பிரிக்காமல் பரண் மேல் போட்டுவிடுவதுதான் முதல் தப்பு. 60 நாள் நோட்டீசுக்கு எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தால் பாங்கு 15 நாளில் காரணத்தோடு பதில் சொல்லியாக வேண்டும். சொத்தைக் கைப்பற்றிய பிறகு 45 நாளுக்குள் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். மொத்தக் கடனும் வட்டியுமாகச் சேர்ந்ததில் 20 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் பாக்கி என்றால் இந்தச் சட்டத்தின் கீழ் கைவைக்கவே முடியாது. வேலை போனதாலோ வைத்தியச் செலவாலோ தவணை நின்றவர்கள் ஏல அறிவிப்பு வருவதற்கு முன்பே பாங்கில் போய்ப் பேசி, வேண்டுமானால் தாங்களே வீட்டை நல்ல விலைக்கு விற்றுக் கடனை அடைக்க அவகாசம் கேட்பது மேல். அறிவிப்பு வந்தபின் எல்லாக் கதவும் ஒவ்வொன்றாக மூடிக்கொள்கிறது.

பாங்குகளிடம் கேட்க வேண்டியதும் உண்டு. 30, 40 லட்சத்துக்கு உட்பட்ட சிறு வீடுகளைச் சாவி கையில் வராமல் ஏலத்துக்கு விடும் வழக்கத்தை அவை நிறுத்த வேண்டும். ஆளைக் காலி செய்யும் வேலை கடன் கொடுத்தவருடையது. அதை ஒரு மில் தொழிலாளியின் தலையில் கட்டுவது நியாயமல்ல. சொசைட்டிக்கும் மின்சாரத்துக்கும் எவ்வளவு பாக்கி என்று விசாரித்து அறிவிப்பிலேயே அச்சிடப் பாங்குக்கு ஒரு கடிதம் எழுதினால் போதும். "எங்களுக்குத் தெரிந்தவரை பாத்தியதை எதுவுமில்லை" என்ற மழுப்பலை இன்னும் எத்தனை காலம் அச்சிடுவார்கள்? கட்டிட அனுமதியை மாநகராட்சியில் சரிபார்த்தோம் என்று ஒரு வரி அதில் சேர வேண்டும். கால் பங்கு கட்டிவிட்ட சம்பளக்காரர், வேறு பாங்கின் கடன் உத்தரவைக் காட்டி அவகாசம் கேட்டால், விதி அனுமதிக்கும் மூன்று மாதத்தை அவருக்குக் கேள்வியில்லாமல் கொடுக்கும்படி ரிசர்வ் பாங்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் சட்டத்தைத் திருத்த வேண்டிய வேலைகூட இல்லை. பாங்குக்கும் அதில் நஷ்டம் கிடையாது, வீடு அதன் கையிலேயே இருக்கிறது. சங்கங்களும் பேட்டைப் பிரமுகர்களும் பொங்கல் விழாவுக்கு மந்திரிகளை அழைக்கும்போது இந்த மனுவையும் அவர்கள் கையில் கொடுக்கலாம்.